ஷூவா, சாக்ஸா, பவுடரா: கால் நாற்றத்துக்கு எதில் காசு போடுவது?

திருச்சியில் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரங்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு வீடு, சில நாள் எட்டு. ஷூ இல்லாமல் போகக் கூடாது என்பது கம்பெனி விதி. ஷூவோடு உள்ளே வரக் கூடாது என்பது வீட்டுக்காரர்கள் விதி. இரண்டுமே நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டது என் கால்.

போன வருஷம் சித்திரை வெயிலில் தில்லைநகரில் ஒரு வீடு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு சமையலறைக்குள் போய், சிங்க் பக்கத்தில் மண்டியிட்டு ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ஜன்னலைத் திறந்தார். அப்புறம் ஃபேனைக் கூட்டி வைத்தார். கடைசியில் பூஜை அலமாரியைத் திறந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினார். மணி மதியம் இரண்டரை. அந்த நேரத்தில் யார் வீட்டில் சாமி கும்பிடுகிறார்கள்? "காபி குடிக்கிறீங்களா தம்பி?" என்று வேறு கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவனுக்கு ஷூவைப் போடவே கூச்சமாக இருந்தது.

அந்த ஊதுபத்திக்கு அப்புறம் ஒரு வருஷமாக நான் வாங்கிப் பார்க்காத சாமான் இல்லை. பவுடர், ஸ்ப்ரே, ஷூவுக்குள் வைக்கும் கரி நிரப்பிய பை, 'மூங்கில்' சாக்ஸ், படிகாரம், கடைசியில் தோல் டாக்டர். அதில் எது காசுக்குத் தகும், எது தகாது, யாருக்கு எது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

வேர்வைக்கு வாடை கிடையாது

உள்ளங்காலில் வேர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கம். இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அக்குளில் இருப்பது வேறு வகைச் சுரப்பி. காலில் சுரப்பது பெரும்பாலும் வெறும் உப்புத் தண்ணீர், சுரந்த நேரத்தில் அதற்கு எந்த வாடையும் இல்லை. ஷூவுக்குள் இருட்டு, சூடு, ஈரம், ஊறிப்போன செத்த தோல் எல்லாம் சேர்ந்தால்தான் கதை மாறும். நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, வேர்வையில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலரிக் அமிலமாக மாற்றுகிறது. புளித்த சீஸ் மாதிரி அடிப்பது அதுதான். விரல் இடுக்கில் வாழும் பிரெவிபாக்டீரியம் இன்னொரு ரகம். செத்த தோலைத் தின்று, கந்தகம் கலந்த மெத்தேன்தயோல் வாயுவை விடும். லிம்பர்கர் என்ற ஐரோப்பிய பாலாடைக்கட்டியைப் பழுக்க வைப்பது இதன் பங்காளி. அந்தக் கட்டிக்கும் காலுக்கும் ஒரே வாடை அடிப்பது தற்செயல் இல்லை.

முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு இக் நோபல் என்று ஒரு பரிசு உண்டு. கால் நாற்றம் எனக்குத் தெரிந்து மூன்று முறை அதை வாங்கியிருக்கிறது. 1992-ல், பாத நாற்றத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் ஷிசெய்டோ ஆய்வுக்கூடத்தினருக்கு. தன் காலில் நாற்றம் இருக்கிறது என்று நினைப்பவருக்கு நிஜமாகவே இருக்கிறது, இல்லை என்று நினைப்பவருக்கு இல்லை என்பதும் அவர்கள் கண்டது. 2006-ல், மலேரியா பரப்பும் ஆப்பிரிக்கப் பெண் கொசு லிம்பர்கர் கட்டியின் வாடைக்கும் மனிதக் காலின் வாடைக்கும் ஒரே அளவில் மயங்குகிறது என்று காட்டிய பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் இருவருக்கும். மூன்றாவது நம் நாட்டுக்காரர்கள். அவர்கள் ஷூ பக்கம் வரும்போது வருவார்கள்.

ஆக, நாற்றம் வர மூன்று வேண்டும்: ஈரம், தீனி, பாக்டீரியா. கடையில் விற்கும் எந்தச் சாமானையும் கையில் எடுத்து, இது இந்த மூன்றில் எதை அடிக்கிறது என்று கேளுங்கள். எதையும் அடிக்கவில்லை என்றால் அது ஊதுபத்தி.

வாங்குவதற்கு முன் ஒரு மூக்குச் சோதனை

நான் செய்த தப்பு, நாற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கடைக்குப் போனது. சோதனை சுலபம். இரவு காலுக்குச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு உட்பட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி உலர்த்துங்கள். ஒரு மணி நேரம் வெறுங்காலோடு வீட்டுக்குள் இருங்கள். அப்புறம் காலையும் ஷூவையும் தனித்தனியாக முகர வேண்டும். சொந்த மூக்கு பழகிப்போயிருக்கும், அதனால் இன்னொருவர் மூக்கு நல்லது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அண்ணன் மகன் ஐம்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டான்.

காலில் ஒன்றுமில்லை, ஷூ மட்டும் அடிக்கிறது என்றால் உங்கள் காசு ஷூவுக்குப் போக வேண்டும். கழுவிய காலே ஒரு மணி நேரத்தில் மறுபடி அடித்தால் தோலில் வேலை இருக்கிறது. இன்னொரு விஷயமும் பாருங்கள். பாதத்தைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது நோய். விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரித்தால் அது சேற்றுப்புண். இந்த இரண்டுக்கும் பவுடர் டப்பா பதில் சொல்லாது.

எனக்கு ஷூவும் அடித்தது, காலும் அடித்தது. "சித்தப்பா, ரெண்டுமே ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான் பயல்.

இரண்டாவது ஜோடி ஷூ

எல்லாவற்றையும் பார்த்த பிறகு என் கட்சி இதுதான்: கையில் இருக்கும் காசை முதலில் இரண்டாவது ஜோடி ஷூவில் போடுங்கள்.

காரணம் என் பழைய ஷூவின் உள்ளே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் உள்பட்டையைப் பிடித்து இழுத்தேன். நான் வாங்கி ஒன்றரை வருஷத்தில் அது வெளியே வந்ததே முதல் தடவை. முதலில் சாம்பல் நிறமாக இருந்த பட்டை, என் பாதம் பட்ட இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது. ஐந்து விரலும் அச்சுப் போட்டது போல ஐந்து குழி. ஓரத்தைச் சுற்றி உப்புப் பூத்து, ரோட்டோரச் சுவரில் தெரியுமே, அதுபோல ஒரு வெள்ளைக் கோடு. அடியில் தொட்டால் ஈரம். சனிக்கிழமை சாயங்காலம் கழற்றிய ஷூ, ஞாயிறு மதியமும் காயவில்லை. தினமும் காலை ஏழரைக்கு நான் கழுவிய காலை இந்த ஈரத்துக்குள்தான் விட்டுக்கொண்டிருந்தேன். காலைக் கழுவி என்ன, சாக்ஸைத் துவைத்து என்ன?

பத்து மணி நேரம் போட்ட மூடிய ஷூ முழுதாகக் காய ஒரு இரவு போதாது. குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள். ஒரே ஜோடியைத் தினமும் போடுகிறவருக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு ஜோடி இருந்தால் தானாகக் கிடைக்கும். எங்கள் கம்பெனி வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் தரும். இன்னொன்றை நான் எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன் ஸ்ப்ரேக்களுக்கு மட்டும் அதைவிட அதிகம் செலவழித்திருந்தேன் என்பது வேறு கதை.

வாங்கும்போது மூன்று விஷயம். உள்பட்டை கழன்று வருகிறதா என்று கடையிலேயே நகத்தால் தூக்கிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் வேண்டாம். ரெக்ஸின் என்பது பிளாஸ்டிக், ஆவியை வெளியே விடாது. நிஜத் தோலோ, வலைத்துணி வைத்ததோ விடும். மூன்றாவது, விரல்கள் நெருக்காத அளவு. நெருக்கினால் இடுக்கில் காற்றே போகாது.

இரண்டாவது ஜோடிக்கு வழியே இல்லை என்றால் இரண்டாவது ஜோடி உள்பட்டையாவது வாங்குங்கள். எனக்கு நூற்றிருபது ரூபாய் ஆனது. ஈரத்தின் பெரும்பங்கு பட்டையில்தான் தங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் பட்டையை உருவி மொட்டைமாடியில் போட்டுவிட்டு, ஷூவின் நாக்கைத் தூக்கி, உள்ளே பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து டேபிள் ஃபேனுக்கு எதிரே வைத்தால் காலையில் பரவாயில்லாமல் இருக்கும். தாளை ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு முறை மாற்ற வேண்டும்.

வெயில் நல்லது. சூடும் உலர்வும்தான் அதில் பெரிய வேலை செய்கிறது. ஆனால் பங்குனி சித்திரையில் தோல் ஷூவை நாள் முழுக்க மாடியில் விட்டால் கோந்து இளகிச் சோல் வாயைப் பிளக்கும். அரை மணி, முக்கால் மணி போதும். பிள்ளைகளின் வெள்ளை கேன்வாஸ் ஷூ என்றால் தாராளமாகத் துவைத்துக் காய வைக்கலாம்.

ஷூவை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குளிரில் பெரும்பாலான பாக்டீரியா சாகாது, தூங்கும். வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஷூவைப் பார்த்தால் வீட்டில் எழுந்துகொள்வது வேறு.

புற ஊதாக் கதிர் ஷூ அலமாரி என்று ஒன்று பேசப்படுகிறது. மூன்றாவது இக் நோபல் என்றேனே, அது இதற்குத்தான். டெல்லிக்குப் பக்கத்தில் நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஷிவ் நாடார் நிறுவிய பல்கலைக்கழகத்தின் விகாஷ் குமாரும், அங்கே படித்த சார்த்தக் மித்தலும் விடுதி அறைகளுக்கு வெளியே வரிசையாகக் கிடந்த ஷூக்களைப் பார்த்து யோசித்ததில் பிறந்த ஆய்வு. நாறும் ஷூ ஒரு ஷூ அலமாரியை எப்படிப் பயனற்றதாக்குகிறது என்று ஆராய்ந்து, அலமாரிக்குள்ளேயே புற ஊதா-சி விளக்கு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நிமிஷமே போதுமாக இருந்தது. நேரம் கூடினால் ரப்பர் கருகும் வாடை. 2025-ல் பரிசு. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, அதோடு கதிர் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், ஷூவின் மூக்குப் பகுதி எப்போதும் நிழல். விடுதி, உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களுக்குச் சரி. ஒரு வீட்டுக்கு மொட்டைமாடி இருக்கும்போது எதற்கு?

சாக்ஸ்

'காட்டன்தான் நல்லது' என்பது பாதி உண்மை. பருத்தி ஈரத்தை இழுக்கும், அப்புறம் விடாது. மூன்று மணி நேரம் ஷூ போடுகிறவருக்கு அது போதும். பத்து மணி நேரக்காரருக்கு மதியத்துக்கு மேல் ஈரத்துணியைக் காலில் சுற்றியது போல ஆகிவிடும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் அதில் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் லேசில் போகாது. மெரினோ கம்பளி இரண்டையும் சமாளிக்கும். விலையைப் பார்த்துவிட்டு நான் திரும்ப வைத்துவிட்டேன். 'மூங்கில்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மூங்கில் கூழில் இருந்து செய்த விஸ்கோஸ். தொட்டால் வழவழப்பு. என் காலில் பருத்தியில் இருந்து பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எந்த நூல் என்பதைவிட எத்தனை ஜோடி என்பதுதான் கணக்கு. பையில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாற்றுகிறேன். ஈரமானது ஒரு ஜிப் கவரில் போய்விடும். மொத்தம் பத்து ஜோடி சாதாரணக் காட்டன் கலப்பு சாக்ஸ், கனமான அடிப்பகுதி உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். துவைக்கும்போது உள்ளே வெளியே திருப்பிப் போடுங்கள். செத்த தோலெல்லாம் உள்பக்கம்தான். சேற்றுப்புண் இருந்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊற வைத்துத் துவைப்பது அவசியம்.

மணம் பூசும் சாமான்கள்

பாடி ஸ்ப்ரே, சென்ட், ஷூவுக்குள் அடிக்கும் வாசனை ஸ்ப்ரே, கற்பூரம், அந்துருண்டை. ஈரம், தீனி, பாக்டீரியா என்ற மூன்றில் இவை எதையும் ஒழுங்காக அடிப்பதில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும் அரை மணி நேரத்துக்கு உதவும். அந்துருண்டையை மட்டும் விட்டுவிடுங்கள். நாஃப்தலீன் நல்லதில்லை, அதுவும் ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைகளுக்கு ரத்த அணுக்களையே உடைக்கும். பள்ளி ஷூவுக்குள் போடவே போடாதீர்கள்.

சாதாரண முகப்பவுடர் காலையில் நன்றாக இருக்கும், மதியம் வேர்வையோடு சேர்ந்து பிசைந்த மாவாகிவிடும். அதுவும் விரல் இடுக்கில். பூஞ்சைக்கான மருந்துப் பவுடர் வேறு விஷயம். அது மருந்து, சேற்றுப்புண் அடிக்கடி வருகிறவர்களுக்குத் தடுப்பாகப் பயன்படும். கரி நிரப்பிய பை ஷூவில் வாடையைக் கொஞ்சம் உறிஞ்சும். ஈரமான ஷூவுக்குள் வைத்தால் கரியும் ஈரமாகும், அவ்வளவுதான்.

அடுப்படி வைத்தியம்

இதை முழுதாகத் தள்ளவும் மாட்டேன், முழுதாக நம்பவும் மாட்டேன். டீத்தூள் டிகாஷனில் கால் ஊற வைப்பது பல ஊர்களிலும் சொல்லப்படும் வைத்தியம். இதில் இருக்கும் டானின் தோலைச் சுருக்கி இறுக்கும். நம் ஊரில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் போட்டுத் தோல் பதனிட்டார்களே, அதே சங்கதிதான். ஆட்டுத்தோலுக்குச் செய்ததை மெதுவாக நம் தோலுக்குச் செய்கிறோம். இரண்டு மூன்று கரண்டி டீத்தூளைக் கொதிக்க வைத்து, தண்ணீர் கலந்து ஆற வைத்து, இருபது முப்பது நிமிஷம், ஒரு வாரம் தொடர்ந்து. எனக்கு வேர்வை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. நகம் மஞ்சளடித்தது நிச்சயமாகத் தெரிந்தது.

வினிகர் பாக்டீரியாவுக்குப் பிடிக்காத புளிப்பைத் தரும். ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர், கால் மணி நேரம். வெடிப்பு இருந்தால் எரியும். கல் உப்புத் தண்ணீர் சுகமாக இருக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு ஆச்சரியம் தந்தது படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தக் கல். அதுவும் அலுமினிய உப்புதான். டாக்டர் எழுதித் தரும் வேர்வைத் தடுப்பு லோஷனின் ஏழைச் சித்தப்பா என்று சொல்லலாம். கழுவிய ஈரக் காலில் தேய்த்து அப்படியே உலர விட்டால் நாற்றம் ஓரளவு மட்டுப்படுகிறது. ஒரு கட்டி பத்து இருபது ரூபாய், மாதக் கணக்கில் வரும். அடுப்படி வைத்தியத்தில் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை வெந்நீரிலோ வேறெதிலோ ஊற வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஊறிய தோல் எளிதில் கிழிந்து புண்ணாகும். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்குக் கழுவி, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடைத்து, தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது மட்டும்தான்.

மருந்துக் கடையும் டாக்டரும்

மருந்துக் கடையில் மூன்று வகை இருக்கிறது. அவை வேறு வேறு வேலைக்கு.

ஈரத்தை அடிப்பது அலுமினியம் குளோரைடு, காலுக்கு 20 சதவீத லோஷன். இதைப் பெரும்பாலோர் தப்பாகப் போடுகிறார்கள், நானும்தான். காலையில் ஷூ போடும் முன் தடவினால் வேர்வையோடு ஓடிவிடும். ஈரத்தில் பட்டால் அமிலமாகி எரியவும் செய்யும். ராத்திரி, முழுக்க உலர்ந்த காலில் தடவி, தூங்கி, காலையில் கழுவ வேண்டும். தூங்கும்போது வேர்வை குறைவு, மருந்து சுரப்பியின் வாய்க்குள் இறங்கி அடைக்க நேரம் கிடைக்கும். ஒரு வாரம் தினமும், வேர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. வெடிப்பிலும் புண்ணிலும் படக் கூடாது.

பாக்டீரியாவை அடிப்பது பென்சாயில் பெராக்சைடு, முகப்பருவுக்கு விற்கும் அதே வாஷ். காலில் தேய்த்து இரண்டு மூன்று நிமிஷம் விட்டுக் கழுவலாம். துண்டையும் கலர் சாக்ஸையும் வெளுத்துவிடும். எங்கள் வீட்டு நீலத் துண்டில் இரண்டு பாதம் வெள்ளையாக இருக்கிறது, கோலம் போட்டது போல.

பூஞ்சையை அடிப்பது குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் களிம்புகள். சேற்றுப்புண்ணுக்கு மட்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை போட வேண்டும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "கால்ல அரிப்பு, ஏதாவது குடுங்க" என்று கேட்டால் சில கடைகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கூட்டுக் களிம்பை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு போகும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே சுகமாகப் பரவும், பிறகு எந்த மருந்துக்கும் லேசில் மசியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைப் பட்டியலில் சேர்த்தது இதனால்தான். டியூபில் 'குளோபெட்டசோல்', 'பீட்டாமெத்தசோன்' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எனக்குக் கடைசியில் டாக்டர்தான் வழி. உள்ளங்காலைப் பார்த்ததும், "இந்தக் குழியெல்லாம் எத்தனை நாளா இருக்கு?" என்றார். நான் அதைப் பார்த்ததே இல்லை. பிட்டட் கெரட்டோலிசிஸ் என்று பெயர். கைட்டோகாக்கஸ், கோரினிபாக்டீரியம் போன்றவை ஊறிய தோலின் மேலடுக்கைக் கரைத்துக் குழி பறிக்கின்றன. வலி இல்லை, அரிப்பு இல்லை, நாற்றம் மட்டும் ஊரைக் கூட்டும். பிறகு தேடிப் படித்தபோது, இதை முதலில் விவரித்து எழுதியது 1910-ல் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் என்று தெரிந்தது. அப்போது அவர் வேலை பார்த்தது கொழும்பில். மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தில் பார்த்திருக்கிறார். அன்று சேறு, இன்று ஷூ. ஊறுவது ஒன்றுதான்.

கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் லோஷன் காலை மாலை, ராத்திரியில் அலுமினியம் குளோரைடு. மூன்று வாரத்தில் குழி ஆறிவிட்டது. மருந்தும் ஃபீஸும் சேர்த்து எழுநூறு ரூபாய்ச் சொச்சம். முன்னாடியே போயிருந்தால் நான்கு டப்பா பவுடர் மிச்சம். அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: ஷூவை மாற்றாவிட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்று.

சின்ன வயதில் இருந்தே உள்ளங்கையும் உள்ளங்காலும் சொட்டச் சொட்ட வேர்க்கிற சிலர் உண்டு, பரீட்சை எழுதும் தாளே நனைந்துவிடும். அவர்களுக்கு லோஷன் போதாவிட்டால், தண்ணீர்த் தட்டில் காலை வைத்து லேசான மின்சாரம் செலுத்தும் அயன்டோஃபோரெசிஸ் என்ற சிகிச்சை இருக்கிறது. தடவைக்கு இருபது முப்பது நிமிஷம், முதலில் வாரத்தில் சில நாள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. போடாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். சில மாதம் நிற்கும், ஆனால் உள்ளங்காலில் பல இடத்தில் ஊசி என்றால் எப்படி வலிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெறும் நாற்றத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைக்கு: இரண்டாவது ஷூ, தினம் புது சாக்ஸ், வந்ததும் காலைக் கழுவுவது. மருந்தே வேண்டாம். வாலிப வயதில் வேர்வை கூடுவது இயல்பு, அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாமல் இருந்தால் போதும்.

தொழிற்சாலையில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ போடுகிறவர்களுக்கு இரண்டாவது ஜோடி விலை கூடுதல். அங்கே இரண்டு செட் உள்பட்டை, மதியம் சாக்ஸ் மாற்றம், ராத்திரி அலுமினியம் குளோரைடு மூன்றும் சேர்ந்தால்தான் எடுபடும். மாதத்தில் ஒரு நாள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதும் வேண்டும், குழி வருவது அதிகம் இவர்களுக்குத்தான்.

நாள் முழுக்கச் செருப்பில் இருந்தும் நாறுகிறது என்றால் செருப்பைக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள், ரப்பர் செருப்பை வாங்கிய நாளில் இருந்து சோப்புப் போட்டுக் கழுவாதவர்கள்தான் அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் விரல் இடுக்கைப் பாருங்கள்.

ஐநூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் என் கணக்கு இது: உள்பட்டை ஒரு ஜோடி, சாக்ஸ் மூன்று ஜோடி, ஒரு படிகாரக் கட்டி, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். மீதிக்குக் காபி குடிக்கலாம்.

மழைக்காலத்துக்கு மட்டும் என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்ததில் இரண்டு ஜோடி ஷூவும் ஊறிவிட்டன. டேபிள் ஃபேனும் தினத்தாளும் தோற்றுப்போயின. நான்காம் நாள் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். "ஷூ எங்க?" என்றார் சூப்பர்வைசர். ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பி, குழி இருந்த இடத்தைக் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார். அப்புறம் மெதுவாகத் தன் ஷூவைக் கழற்றி, "இங்க பாரு, இது அதுதானா?" என்றார்.